கோழி கேட்காத முனி

சுதர்ஷினி சூலத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலை அடிக்கல்லில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வருஷக்கணக்காக மண்ணுக்குள் நின்ற இரும்பு லேசில் வராது என்று எண்ணித்தான் அத்தனை பலம் போட்டாள். சூலமோ சோற்றில் குத்திவைத்த அகப்பை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சூலமும் அவளுமாகப் பின்பக்கம் போய் ஒரு றப்பர் மரத்தில் மோதி நின்றார்கள்.

"மிஸ்," என்றார் ஹலீம். "இது சாமிட சாமான். நான் வேற ஆள், எனக்குப் பயமா ஈக்கி. உங்கட சாமி, உங்களுக்குப் பயமில்லையா?"

ஹலீம் மாவனெல்லைக்காரர். லொறியில் ஏறிவந்த துளையிடும் இயந்திரத்துக்கு அவர்தான் போர்மன்.

"பயமாத்தான் இருக்கு ஹலீம் நானா. நீங்க மெஷின ஸ்டார்ட் பண்ணுங்க."

கீழே, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துப் பக்கமிருந்து சத்தம் கிளம்பியது. முதலில் ஒரு பெண் குரல். பிறகு பத்துக் குரல். மலையில் ஒருவர் பார்த்தால் போதும், தோட்டம் முழுக்கப் பார்த்த மாதிரி.

சுதர்ஷினிக்கு நேரமில்லை. மத்தியானம் இந்த லொறி கொழும்புக்குத் திரும்பிவிடும். நாளைக் காலை, அவிசாவளையில் அலுவலகமாக வாடகைக்கு எடுத்த வீட்டில், புதிய ரயில் பாதையின் வரைபடத்துக்கு முத்திரை விழுந்துவிடும். அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகப்போகிற பாதை. அதை வடிவமைக்க அரசாங்கம் அமர்த்திய ஆலோசகர்கள் ஐந்து பேர். பாலத்துக்கு ஒருவர், வடிகாலுக்கு ஒருவர், சமிக்ஞைக்கு ஒருவர், எல்லோருக்கும் மேலே தலைமை ஆலோசகர் ரணவீர. ஐந்தாவது ஆள், மண்ணுக்கும் பாறைக்கும் பொறுப்பானவள், சுதர்ஷினி. நான்கு கையெழுத்து விழுந்துவிட்டது. அவளுடையது மட்டும்தான் பாக்கி.

போட மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

காரணம், இந்த முனிதான். குருவிட்டவுக்கு மேலே, இந்தக் கலுபாறைத் தோட்டத்துச் சரிவு நெடுக மண்ணைத் துளைத்துப் பார்த்தபோது எல்லாத் துளையிலும் நல்ல பாறை வந்தது. இந்த இடத்தில் மட்டும் துளை போடவில்லை. முனியாண்டி கோவில் என்று தோட்டத்து ஆட்கள் மறித்தார்கள். துளைக்க வந்தவர்களும் கும்பிட்டுவிட்டுத் தள்ளிப்போய்ப் போட்டார்கள். அங்கே பாறை வந்தது. ஆகவே இங்கேயும் பாறைதான் என்று வரைபடம் சொன்னது.

மூன்று தரம் ரணவீரவிடம் கேட்டாள். வழிபாட்டிடத்தில் கை வைக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு என்று மூன்று தரமும் ஒரே பதில். கட்டுமானம் தொடங்கும்போது பூசை போட்டுச் சாமியை இடம் மாற்றிக்கொள்ளலாமாம். சாமியைத் தூக்கி வைத்துவிட்டு, அதன் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே மேலே ரயிலை ஓட்டலாமாம்.

இயந்திரம் உறுமியது. கூட்டமும் வந்து சேர்ந்தது.

முன்னால் வந்தவள் வெள்ளையம்மா. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கையில் றப்பர்ப் பால் வாளி. அத்தனை கோபத்திலும் வாளியை ஒரு மேடான இடமாகப் பார்த்து, சிந்தாமல் வைத்துவிட்டுத்தான் சண்டைக்கு வந்தாள்.

"கீழ போடு. அது என்னா ஒங்க அப்பன் வீட்டு மம்பட்டியா?"

"கீழ போட மாட்டேன் அக்கா. பூசாரி கையில குடுக்குறேன். யாரு பூசாரி?"

கூட்டம் விலகியது. ஏழுமலை வந்தான். நாற்பது வயதிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். லயத்துக்கு அவன்தான் தலைவர், முனிக்கும் அவன்தான் பூசாரி. கையை நீட்டினான். சூலத்தைக் கொடுக்கும்போது, அவனுடைய நகக்கண்ணெல்லாம் மஞ்சள் களிமண் அப்பியிருந்ததையும், வலது உள்ளங்கையின் நடுவே காசளவுக்கு ஒரு கருத்த தழும்பு இருந்ததையும் சுதர்ஷினி பார்த்தாள். பூசாரி கை, சூடம் சுட்டிருக்கும்.

"சாமி குத்தம் ஆயிரும் மிஸ்," என்றான். "எந்திரத்த நிப்பாட்டச் சொல்லுங்க. மரியாதையாப் போயிருங்க."

"போறேன் அண்ணே. ஒரே ஒரு கேள்வி. இந்த முனிக்குக் கடைசியா எப்ப கோழி அறுத்தீங்க?"

ஏழுமலை சூலத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"நான் டவுன்காரி இல்ல," என்றாள் சுதர்ஷினி, கூட்டத்தைப் பார்த்து. "தெரணியகலைப் பக்கம் தோட்டத்து லயத்துல பொறந்தவ. எங்க முனி இருக்கே, வருசத்துக்கு ரெண்டு சேவல், ஒரு போத்தல் சாராயம், ஒரு கட்டுச் சுருட்டு இல்லாம அடங்காது. சுருட்டு தவறிருச்சுன்னா எங்க கங்காணிக்குக் காய்ச்சல் வந்துரும். இங்க பாருங்க. ஒரு எறகு உண்டா? ஒரு சுருட்டுத் துண்டு உண்டா? போத்தல் மூடி கூட இல்ல. குடிக்காத, பொகைக்காத, கோழி திங்காத முனிய நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"நம்ம முனி சைவம் போலருக்கு," என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார்கள்.

"அது சாந்தமான சாமி மிஸ்," என்றான் சின்னத்தம்பி. ஏழுமலைக்குப் பக்கத்தில் நின்ற மெலிந்த ஆள்.

"சாந்தமான சாமிக்குச் சூலம் எதுக்கு?"

சின்னத்தம்பி தலையைச் சொறிந்தான். அவனுடைய உள்ளங்கையிலும் அதே தழும்பு. சுதர்ஷினியின் கண் அதில் ஒரு நொடி நின்றது. இவன் பூசாரி இல்லையே.

அதற்குள் வெள்ளையம்மா குறுக்கே வந்துவிட்டாள்.

"எறகு இல்லாட்டி என்னா? வெளக்கு இருக்குல்ல? அந்தா, கண்ணு தெரியலையா?"

கல்லின் அடியில் ஒரு அகல் இருந்தது. திரி நேற்றையது. எண்ணெய் இன்னும் காயவில்லை. அந்த இடத்தில் யாரோ கும்பிட்டதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

"அது நான் வைக்கிற வெளக்கு. எங்க வீட்டுக்காரரு கொழும்புக் கடையில வேலைன்னு போனாரு. தேடுதல்னு நம்ம ஆளுங்கள ஆர்மி புடிச்சுக்கிட்டுப் போன காலம். பஸ் ஏத்திவிட்டேன்னு இந்தா நிக்கிறானே, எங்க கொழுந்தன் ஏழுமலை, இவன்தான் வந்து சொன்னான். போனவரு போனவருதான். நான் ஏறாத பொலிஸ் இல்ல, கேக்காத காம்ப் இல்ல. உள்ள இருக்காருன்னும் சொல்றாங்க இல்ல, இல்லன்னும் சொல்றாங்க இல்ல. இந்தச் சாமிகிட்டத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன், எங்க முத்துவீரன அனுப்பி வைன்னு. நீ என்னான்னா சாமியே இல்லன்ற."

சொல்லிவிட்டு, சூலம் நின்ற குழியின் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எறக்கு ஒன் எந்திரத்த. எம் மேலயே எறக்கு."

ஹலீம் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். ஏழுமலை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

சுதர்ஷினியும் வெள்ளையம்மாவுக்குப் பக்கத்தில், ஈர மண்ணில் உட்கார்ந்தாள். ஒரு அட்டை அவள் சப்பாத்தில் ஏறிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டாள்.

"அக்கா, ஒங்க வீடு எது?"

"தொங்க வீடு. எதுக்குக் கேக்குற?"

தொங்கல் வீடு நேர் கீழே தெரிந்தது. லயத்தின் கடைசி அறை. கூரைத் தகரத்தில் கல் வைத்திருந்தார்கள். கொடியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஒன்று காய்ந்தது.

"நாம உக்காந்திருக்கிற இந்த எடத்துல மண்ணக் கொட்டி மேடு கட்டுவாங்க. ஒங்க லயத்த மாதிரி மூணு லயத்த ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன ஒசரம். அதுக்கு மேல ரயிலு. கீழ பாறை இருந்துச்சுன்னா ஒண்ணும் ஆகாது, நான் இன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். பாறை இல்லாம ஓட்டையா இருந்துச்சுன்னா? இரத்தினபுரி மழை ஒங்களுக்கு நான் சொல்லணுமா? அம்புட்டு மண்ணும் எறங்கி எங்க வரும்?"

கூட்டத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பி லயத்துக் கூரையைப் பார்த்தார்கள்.

"இப்ப நான் ஒரு பந்தயம் கட்டுறேன்," என்று சுதர்ஷினி எழுந்தாள். "கீழ பாறை வந்தா, சூலத்த நானே நட்டு, முனி கால்ல விழுந்து, என் செலவுல மூணு சேவல் அறுக்குறேன். இந்த வேலையையும் விட்டுட்டுப் போறேன். அப்பறம் ஒங்க தோட்டத்துப் பக்கம் தலைய வச்சுப் படுக்க மாட்டேன். சம்மதமா?"

எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். பூசாரி அவன், தலைவரும் அவன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் சுதர்ஷினியைத் தூக்கி லொறியில் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

"அண்ணி," என்றான் ஏழுமலை. "எந்திரிங்க."

"நீயுமாடா?"

"சாமி இருந்தா அது தன்னப் பாத்துக்கும். எந்திரிங்க அண்ணி."

அவன் குரலில் ஏதோ சரியில்லை. திட்டுகிறவனின் குரலுமில்லை, பயந்தவனின் குரலுமில்லை. ஆனால் அதைப் பற்றி யோசிக்க சுதர்ஷினிக்கு அவகாசம் கிடைக்கவில்லை. வெள்ளையம்மா அகலை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஹலீம் பிஸ்மில்லா சொல்லிக் கம்பியை இறக்கினார்.

முதலில் கறுப்பு மண். பிறகு மஞ்சள் களி. கம்பி மேல் கம்பி பூட்டினார்கள். பக்கத்துத் துளைகளில் பாறை தட்டிய ஆழம் வந்தது. இங்கே தட்டவில்லை. அதைத் தாண்டியும் களிமண்தான். அதுவும் இறுகிய மண் இல்லை, யாரோ வாரிக் கொட்டிய மாதிரி கலங்கலாக, கட்டி கட்டியாக.

"மிஸ்," என்றார் ஹலீம், தாழ்ந்த குரலில். "இது ஆண்டவன் போட்ட மண்ணில்ல."

அப்போதுதான் ஜீப் வந்தது.

ரணவீர இறங்கும்போதே முகம் சிவந்திருந்தது. மூன்று நாடுகளில் ரயில் பாதை போட்டவர். கெட்டிக்காரர், கெட்டவரும் இல்லை. ஆனால் அவர் கிழித்த கோட்டை யாராவது தொட்டால், மீசையைப் பிடித்து இழுத்த மாதிரி துடித்துப்போவார்.

"மொகத மே?" என்றார். பிறகு சிங்களத்திலேயே வெடித்தார். "இது என்ன வேலை? யார் உனக்கு அனுமதி கொடுத்தது? தோட்டத்துத் துரை எனக்கு டெலிபோன் எடுத்துக் கேட்கிறார், உங்கள் ஆள் கோவிலை இடிக்கிறாளாமே என்று."

"கோவில் இல்லை சேர். கல்லும் சூலமும்தான். சூலம் பூசாரி கையில் பத்திரமாக இருக்கிறது."

"நிறுத்து."

"நிறுத்த மாட்டேன் சேர்."

இத்தனை பேருக்கு முன்னால் அந்த வார்த்தையை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு அடி கிட்ட வந்து, குரலைத் தணித்தார்.

"நான் உன் நன்மைக்குச் சொல்கிறேன். பாதையைத் தள்ளினால் இன்னும் ஒரு வருஷம் இழுக்கும். அமைச்சில் என்ன சொல்வார்கள் தெரியுமா? அந்தப் பெண் தன்னுடைய ஆட்களுக்காகத் தடுக்கிறாள் என்பார்கள். அதுவும் இந்தக் காலத்தில், உன்னுடைய தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு."

சுதர்ஷினிக்குக் காது சுட்டது. இந்த வார்த்தையை அவள் பல்கலைக்கழகத்தில் கேட்டிருக்கிறாள், கொழும்புச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டும்போது கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தரமும் பேசாமல் நின்றிருக்கிறாள்.

"சொல்லட்டும் சேர். கீழே படுத்திருக்கிறவர்கள் என் ஆட்கள்தான். மேலே ரயிலில் போகப்போகிறவர்கள் உங்கள் ஆட்கள். மேடு சரிந்தால் இரண்டு பேரும் ஒரே மண்ணுக்குள்தான். அப்போது யார் எந்த ஆள் என்று நீங்கள் பிரித்து எடுப்பீர்களா?"

"நாளையிலிருந்து நீ இந்தக் குழுவில் இல்லை."

"நாளையிலிருந்துதானே. இன்றைக்கு இருக்கிறேன். இன்றைக்கு இந்த மண்ணுக்கு நான்தான் பொறுப்பு."

"எங்கள முன்னால வச்சுக்கிட்டுச் சிங்களத்துல சண்ட போடுறீங்க," என்றாள் வெள்ளையம்மா குறுக்கே. "எங்களுக்கு வெளங்காதுன்னு நெனப்பாக்கும்." பிறகு ரணவீரவைப் பார்த்து, அவரைவிடச் சுத்தமான சிங்களத்தில் சொன்னாள்: "மாத்தயா, அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் சண்டை. முதலில் நாங்கள் முடித்துக்கொள்கிறோம். நீங்கள் வரிசையில் நில்லுங்கள்."

கூட்டம் இந்த முறை வெளிப்படையாகவே சிரித்தது. ரணவீர ஹலீம் பக்கம் திரும்பினார். "மெஷினை நிறுத்து."

ஹலீம் நெற்றி வியர்வையைத் துடைத்தார். இவரிடம் சம்பளம் வாங்குகிறவர். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற மகள் நூரியா. எல்லாம் அந்த ஒரு துடைப்பில் தெரிந்தது.

"நிப்பாட்டலாம் சேர்," என்றார் பணிவாக. "ஆனா கம்பி உள்ளுக்கு ஈக்கி. இடையில நிப்பாட்டினா இறுகிப்போகும். கம்பி இறுகினா மெஷின் பழுது. மெஷின் பழுதானா அந்தக் கணக்கு உங்கட தலையில. அதுக்குத்தான் பாக்கிறேன்."

பச்சைப் பொய். மண் கஞ்சி மாதிரி இருந்தது. கம்பி இறுகவே இறுகாது. சுதர்ஷினி கஷ்டப்பட்டு முகத்தை நேராக வைத்துக்கொண்டாள்.

ரணவீர பதில் யோசிப்பதற்குள், துளையிலிருந்து மேலேறி வந்த தண்ணீர் நிறம் மாறியது. மஞ்சள் போய்க் கறுப்பு. ஒரு அழுகல் வாடையும் கூட வந்தது. ஹலீம் குழாயை மேலே எடுத்து, மண் மாதிரியைத் தட்டிப் பெட்டியில் போட்டார்.

களிமண்ணோடு ஒட்டி, நசுங்கி, கறுத்து, இலைகள் வந்தன.

சுதர்ஷினி ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் விரித்தாள். சீப்பு மாதிரிப் பல்பல்லாக இருந்தது. கெக்கில்ல. இந்தப் பக்கத்துச் சரிவெல்லாம் தானாக முளைக்கிற காட்டு இலை. ஆனால் அது முளைப்பது மண்ணுக்கு மேலே. இத்தனை ஆழத்தில் அது கிடைக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. மாணிக்கக் கல் தோண்டுகிறவர்கள், குழியின் சுவர் உதிராமலிருக்க, மரச்சட்டத்துக்குப் பின்னால் இந்த இலையைத்தான் கட்டுக் கட்டாகத் திணிப்பார்கள்.

"கல்லுக் குழி," என்றாள்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கம்பி விழுந்தது.

அறுந்து விழவில்லை. பிடிப்பு ஏதுமில்லாமல், கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி, சளாரென்று ஆள் உயரத்துக்கு இறங்கி, எங்கோ போய்த் தட்டி நின்றது. இயந்திரம் ஒரு குலுங்கு குலுங்கியது. ஹலீம் அதை நிறுத்தினார். இம்முறை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

துளையிலிருந்து குளிர்ந்த, பழைய காற்று வந்தது.

ரணவீர குனிந்து அந்த இலையை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரும் இரத்தினபுரி மாவட்டத்துக்காரர். அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொன்னது சரி," என்றார். "என் கோடுதான் தப்பு."

பின்னால் பெண்கள் குசுகுசுவென்று பேசத் தொடங்கினார்கள். கல்லுக் குழியா? இங்கேயா? யார் வெட்டியது? எப்போது? பெண்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கல்லுக் குழிப் பக்கம் பெண்கள் வந்தால் தீட்டு, கல் மறைந்துவிடும் என்று அண்டவே விட மாட்டார்கள். ஆண்கள் பக்கம் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அவர்களில் சிலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தோட்டத்து நிலத்தில் களவாகக் குழி வெட்டியிருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் பொலிஸ், வேலை போகும், லயத்து வீடும் போகும். மூடிவிட்டு, மறுபடி யாரும் அங்கே மம்பட்டி வைக்காதபடி ஒரு கல்லை நட்டு முனி என்றிருக்கிறார்கள். துளையிட வந்தவர்களையும் அந்த முனியை வைத்தே தள்ளி அனுப்பியிருக்கிறார்கள். ரயில் வேறு பக்கம் போய்விடும் என்று நினைத்திருப்பார்கள். மறைத்ததினாலேயே அது நேராகத் தங்கள் தலைக்கு மேலே வரும் என்று தெரியவில்லை.

"சரி, பிரச்சினை தெரிந்துவிட்டது," என்றார் ரணவீர. அவர் மறுபடி தலைமை ஆலோசகராகிவிட்டார். "பாதையை மாற்றத் தேவையில்லை. சிமெந்துக் கூழ் இறக்கிக் குழியை அடைத்துவிடலாம். நாளைக்கே லொறி வரச் சொல்கிறேன். கல்லு மாதிரி இறுகிவிடும். உன்னுடைய கையெழுத்தையும் போட்டுவிடு, நீ குழுவிலேயே இருக்கலாம்."

"போட மாட்டேன் சேர்."

"இன்னும் என்ன?"

"குழி மட்டும் என்றால் அடைக்கலாம். கல்லுக் குழி நேராகக் கீழே இறங்கி நிற்காது. அடியில் பக்கம் பக்கமாகச் சுரங்கம் ஓடும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரியாமல் நீங்கள் எதை அடைப்பீர்கள்?" அவள் ஆண்கள் பக்கம் திரும்பினாள். "யாரு எறங்குனது? உள்ள எந்தப் பக்கம் போகுதுன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க. பொலிஸுக்கு நான் பேர் குடுக்க மாட்டேன்."

சுதர்ஷினி நேரே சின்னத்தம்பியிடம் போனாள். அவன் கையை மூடிக்கொண்டான். அவள் கேட்காமலே பிடித்து விரித்தாள்.

"இது என்னா தழும்பு? பால் வெட்டுற கத்தி இப்படி வட்டமா வெட்டுமா?"

சின்னத்தம்பி ஏழுமலையைப் பார்த்தான்.

"சூடம் ஏந்தியிருக்கீங்க," என்றாள் சுதர்ஷினி. "எரியிற சூடத்தக் கையில வச்சு, வாயத் தொறக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. கல்லு தோண்டுனத மறைக்க இம்புட்டுப் பெரிய சத்தியமா? ஊரு ஒலகத்துல யாரும் களவா கல்லு தோண்டலையா?"

"ஆக, யாருக்கும் தெரியாது," என்று ரணவீர பொறுமையிழந்து கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்குச் சிமெந்து வரும். முழுக்க நிரப்பிவிடுவோம். அவ்வளவுதான்."

"அடைக்கக் கூடாது."

சொன்னது ஏழுமலை. சிங்களத்தில், உரக்க, ரணவீரவின் முகத்துக்கு நேரே. அவ்வளவு நேரம் தோளில் சாய்த்து வைத்திருந்த சூலத்தை ஈட்டி மாதிரி நட்டு, அதைப் பிடித்துக்கொண்டு துளைக்கு முன்னால் நின்றான். அந்தக் கையைச் சுதர்ஷினி பார்த்தாள். நகக்கண்ணில் அப்பிய மஞ்சள் களி. துளையிலிருந்து வந்த அதே மஞ்சள். சூலம் ஏன் அவ்வளவு சுலபமாகக் கையோடு வந்தது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. லொறி வருகிற சேதி கேட்டு, அவள் வருவதற்கு முன்னாலேயே, விடிந்ததும் விடியாததுமாக, இவன் வந்து அதன் அடிமண்ணைப் பறித்து வைத்திருக்கிறான். எல்லோரும் பார்க்க அவளைப் போகச் சொல்லி விரட்டிய அதே ஆள்.

"ஏன் அடைக்கக் கூடாது?" என்றார் ரணவீர.

"ஏழுமலை, வேணாம்டா," என்றான் சின்னத்தம்பி. "சூடம் ஏந்துனது மறந்துபோச்சா? குடும்பமே வெளங்காதுடா."

"இப்ப மட்டும் வெளங்கிக்கிட்டு இருக்காக்கும்." ஏழுமலை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குழி வெட்ட வச்ச முதலாளிதான் எங்ககிட்டச் சத்தியம் வாங்குனாரு. குழி அவருது, கல்லு அவருது, சூடமும் அவரு வாங்கிட்டு வந்ததுதான். வந்து என்னைய என்னா செய்றாருன்னு பாப்போம். பொலிஸ் வரணுமா, வரட்டும். துரை லயத்த விட்டுத் தொரத்தணுமா, தொரத்தட்டும். சிமெந்த மட்டும் ஊத்த விட மாட்டேன். தோண்டித்தான் ஆகணும்."

பிறகு அவன் வெள்ளையம்மாவிடம் வந்தான். அவள் மடியிலிருந்த அகலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல மழை அண்ணி அன்னைக்கு," என்றான். "குழிக்குள்ள பக்கத்து மண்ணு சரிஞ்சுது. மூணு பேரு மேல ஏறி வந்தோம்."

"மூணு பேரா?" என்றாள் வெள்ளையம்மா.

"எறங்குனது நாலு பேரு."

அவள் கையில் அகல் சரிந்து, எண்ணெய் விரல் வழியே வழிந்தது.

"நான் பஸ் ஏத்திவிடல அண்ணி," என்றான் ஏழுமலை. "அண்ணன் கொழும்புக்குப் போகவே இல்ல."